அரிக்கா: மழை மறந்த கரையில் நான்கு நாட்கள்

அரிக்காவில் நான் தங்கிய விடுதியின் சமையலறைக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. அடுப்புக்கு மேலே தகரம். சாப்பாட்டு மேசைக்கு மேலே வெறும் நாணல் பாய், அதிலும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளிகள். அந்த இடைவெளிகளுக்கு நேர் கீழே ஒரு மர அலமாரியில், வந்து போனவர்கள் விட்டுச் சென்ற புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முதுகுப்பையை இறக்கி வைத்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். மழை வந்தால் இந்தப் புத்தகங்கள் என்னவாகும் என்று, விடுதியை நடத்தும் அம்மையாரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "மழையா? அது மலைக்கு மேலே பெய்வது, மகளே. இங்கே இறங்கி வருவதில்லை" என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. சிலி நாட்டின் வடகோடியில், பெரு எல்லையை ஒட்டி, அட்டகாமா பாலைவனம் பசிபிக் கடலில் வந்து முடியும் இடத்தில் இருக்கிறது அரிக்கா. இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் இந்த நகரத்தில் ஓராண்டில் பெய்யும் மழையின் சராசரி அளவு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை, 0.76 மில்லிமீட்டர் என்று பதிவேடுகள் சொல்கின்றன. 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை, தொடர்ந்து 173 மாதங்கள் இங்கே ஒரு துளிகூட விழவில்லை. உலக வானிலை அமைப்பு பதிந்து வைத்திருக்கும் மிக நீண்ட மழையில்லாக் காலம் அதுவே. அந்த ஆண்டுகளில் இங்கே பிறந்த ஒரு குழந்தை பதினான்கு வயது வரை மழை என்றால் என்னவென்று அறியாமலேயே வளர்ந்திருக்கும்.

இத்தனைக்கும் இது சுட்டெரிக்கும் ஊர் அல்ல. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிர வைத்திருக்கிறது. குளிர்ந்த கடலின் மேல் நிற்கும் காற்று மேலெழுந்து மேகமாகித் திரண்டு பொழிய முடியாமல் தாழ்வாகவே படுத்துக் கிடக்கிறது. கிழக்கிலிருந்து வர வேண்டிய ஈரத்தை ஆண்டீஸ் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. ஆகவே மழை இல்லை, கடுங்கோடையும் இல்லை. 'என்றும் வசந்தமான நகரம்' என்று சிலிக்காரர்கள் இதை அழைக்கிறார்கள். நான் போன நவம்பர் மாதத்தில் பகல் முழுவதும் வெயில் பளீரென்று அடித்தது. ஆனால் நிழலில் நின்றால் கடற்காற்றுக்கு மேற்சட்டை வேண்டியிருந்தது.

பெருவின் தக்னா நகரத்திலிருந்து எல்லையைத் தாண்டி வந்தேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் தூரம்தான். 'கொலெக்டிவோ' என்று சொல்லப்படும் பங்கு டாக்சி ஐந்து பயணிகள் சேர்ந்ததும் கிளம்புகிறது. ஓட்டுநரே எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கி, படிவங்களை நிரப்பி, இரு நாட்டுச் சாவடிகளிலும் கூடவே நின்று அழைத்துப் போகிறார். என் அருகில் உட்கார்ந்திருந்த பெருவியப் பாட்டி, என் பையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் இருப்பதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து, அதைப் படிவத்தில் கட்டாயம் எழுதும்படி சொன்னார். பூச்சிகளும் பயிர் நோய்களும் உள்ளே வந்துவிடாமல் காப்பதில் சிலி எவ்வளவு கண்டிப்பானது என்பது எனக்கு அப்போது தெரியாது. பாட்டியின் பேச்சைக் கேட்டதால் பழங்களை மட்டும் இழந்தேன். மறைத்திருந்தால் அபராதம் கட்டியிருப்பேன். நேரக் கணக்கில்தான் தவறினேன். நவம்பரில் சிலியின் கடிகாரம் பெருவைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் அதைக் கவனிக்காமல் பெருவின் நேரத்தையே நம்பி நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது.

அதனால் அன்று மாலை மோரோவின் மேல் ஏறினேன். நகரத்தின் தலைமாட்டில், கடலை ஒட்டிச் செங்குத்தாக எழும் 139 மீட்டர் பாறைக்குன்று அது. கொலோன் தெருவின் முடிவிலிருந்து வளைந்து வளைந்து மேலே போகும் நடைபாதையில் கால் மணி நேரம் ஏறினால் போதும். மேலே நின்று பார்த்தால், ஊரின் அமைப்பு முழுவதும் உள்ளங்கை ரேகைபோலத் தெரிகிறது: கப்பல் துறை, அதன் பின்னால் வரிசையாகக் கொள்கலன்கள், இரும்பால் செய்த சான் மார்க்கோஸ் தேவாலயம், வடக்கே நீளும் சின்ச்சோரோ கடற்கரை, கிழக்கே பழுப்பு மலைகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கோடாக உள்ளே போகும் அசாபா பள்ளத்தாக்கு. அந்தப் பச்சைக் கோட்டைத் தவிர மற்ற எல்லாமே மணல்.

இந்தக் குன்றுக்காகத்தான் 1880 ஜூன் 7 அன்று அத்தனை உயிர்கள் போயின. அப்போது அரிக்கா பெருவுக்குச் சொந்தமான ஊர். பெரு, பொலிவியா ஆகிய இரண்டு நாடுகளையும் எதிர்த்துச் சிலி நடத்திய பசிபிக் போரில், மோரோவைக் காத்து நின்ற பெருவியப் படைக்குத் தலைவர் பிரான்சிஸ்கோ பொலொக்னேசி. சரணடையும்படி சிலியின் தூதர் வந்து கேட்டபோது, கடைசித் தோட்டாவும் எரியும் வரை போரிடுவேன் என்று அவர் மறுமொழி சொன்னதைப் பெருவின் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டு நாட்களுக்குப் பின் இந்த உச்சியிலேயே அவர் மடிந்தார். தக்னாவும் அரிக்காவும் யாருக்கு என்பதை மக்களின் வாக்கெடுப்பால் முடிவு செய்வதாக 1883-இல் ஒப்பந்தம் போட்டார்கள். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1929-இல்தான் தக்னா பெருவுக்கு என்றும், அரிக்கா சிலிக்கு என்றும் பிரித்து முடித்தார்கள். மேலே இப்போது ஒரு போர் அருங்காட்சியகமும், மிகப் பெரிய சிலியக் கொடியும், இரு நாட்டுச் சமாதானத்தின் அடையாளமாகக் கைகளை விரித்து நிற்கும் கிறிஸ்து சிலையும் இருக்கின்றன. டாக்சியில் வந்த பாட்டியின் மகள் அரிக்காவில் மணமுடித்து வாழ்கிறாள். மாதம் ஒருமுறை பேரனைப் பார்க்க அவர் இந்த எல்லையைக் கடக்கிறார். அந்த உச்சியில் நின்றபோது தளபதிகளைவிட அவர்தான் என் நினைவில் அதிகமாக இருந்தார்.

மறுநாள் காலை கதவு திறந்ததுமே, மோரோவின் அடிவாரத்தில் இருக்கும் அந்தச் சிறிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அதற்குப் பெயரே அதன் முகவரிதான்: கொலோன் 10. 2004-இல் இங்கிருந்த ஒரு பழைய வீட்டை வாங்கித் தங்கும் விடுதி கட்டுவதற்காகத் தரையைத் தோண்டியபோது, ஒன்றன்பின் ஒன்றாக மனித உடல்கள் தென்பட்டன. கட்டட வேலை அத்தோடு நின்றது. அந்த இடம் தராபாகா பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. எடுத்தால் சிதைந்துவிடும் என்பதால், உடல்களைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடியின் மேல் காலை வைக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. செருப்புக்கு அடியில், ஒரு கை நீளத்துக்குக் கீழே, சரிவான மணலில் அவர்கள் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். உடலைச் சுற்றிய நாணல் பாயின் பின்னல் இன்னும் குலையவில்லை. ஒரு பெரியவரின் விலா எலும்புக்குப் பக்கத்தில், முழங்கை அளவே உள்ள ஒரு குழந்தை. உள்ளே விளக்கு மங்கலாக இருந்தது. என்னோடு வந்த பள்ளிச் சிறுவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. அவர்களுடைய ஆசிரியை சொல்லியிருக்கலாம். சொல்லாமலே அமைதியானார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சின்ச்சோரோ மக்கள் என்று இவர்களை அழைக்கிறார்கள். மேலேயிருந்து நான் பார்த்த அந்தக் கடற்கரையின் பெயர்தான் அது. ஜெர்மானிய ஆய்வாளர் மாக்ஸ் ஊலே 1917-இல் இவர்களுடைய உடல்களை முதன்முதலாக முறைப்படி விவரித்து எழுதினார். பயிர் செய்யாதவர்கள், மட்பாண்டம் செய்யாதவர்கள், அரசன் என்று யாரும் இல்லாதவர்கள். சிப்பியிலும் கள்ளி முள்ளிலும் தூண்டில் செய்து கடலை நம்பி வாழ்ந்தவர்கள். இவர்கள் இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்தத் தொடங்கி ஏழாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எகிப்தியர்கள் அதைச் செய்வதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பு. இப்படி மனிதர் கைபட்டுப் பதப்படுத்திய உடல்களில் உலகிலேயே மிகப் பழையவை இவைதான். 2021-இல் யுனெஸ்கோ இவர்களுடைய வாழிடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதை, நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே, சான் மிகேல் தெ அசாபா கிராமத்தில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெரிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அங்கே அரை நாள் இருந்தேன். அதில் பெரும்பகுதி நேரம் ஒரே கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றிருந்தேன். தோலைக் கவனமாக உரித்து, சதையும் உள்ளுறுப்புகளும் நீக்கி, எலும்புகளை உலர்த்தி, குச்சிகளை வைத்து நாணல் கயிற்றால் கட்டி மீண்டும் உடம்பாக அடுக்கி, களிமண்ணால் உருவம் கொடுத்து, தோலைத் திரும்பப் போர்த்தி, மாங்கனீசுக் கருஞ்சாந்தைப் பூசியிருக்கிறார்கள். பிற்காலத்தில் கருப்புக்குப் பதிலாகக் காவி வந்தது. தலைக்கு மனித முடியால் ஒரு தொப்பி. முகத்துக்கு மண்ணால் ஒரு முகமூடி. அதில் கண்ணும் மூக்கும் சிறு பள்ளங்களாகவும் மேடாகவும், வாய் மட்டும் வட்டமாகத் திறந்தும் இருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு கைக்குழந்தை. அந்த முகமூடி என் உள்ளங்கையைவிடச் சிறியது. சில உடல்களில் வண்ணம் ஒருமுறைக்கு மேல் பூசப்பட்ட தடயம் இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது உடனே புதைத்துவிடாமல், சில காலம் தங்களோடு வைத்துக்கொண்டு, நிறம் மங்கியபோது மீண்டும் பூசியிருக்கலாம்.

எகிப்தில் இந்த மரியாதை முதலில் மன்னர்களுக்குப் போனது. இங்கே பதப்படுத்திய உடல்களில் மிகப் பழையவற்றுள் பல, சிறு குழந்தைகளுடையவை. பிறக்காமலே இறந்த சிசுக்களுக்குக்கூட இதே முறையில், இதே பொறுமையோடு முகமும் முடியும் செய்திருக்கிறார்கள். ஏன் என்பதற்கு, தராபாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் பெர்னார்தோ அரியாசா ஒரு விளக்கத்தை முன்வைத்தார். அரிக்காவுக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ள கமரோனெஸ் பள்ளத்தாக்கில்தான் மிகப் பழைய பதப்படுத்திய உடல்கள் கிடைத்தன. அந்த ஆற்று நீரில் இயற்கையாகவே ஆர்செனிக் கலந்திருக்கிறது. ஒரு லிட்டரில் 1000 மைக்ரோகிராம், அதாவது உலகச் சுகாதார நிறுவனம் இப்போது வைத்திருக்கும் வரம்பைப்போல நூறு மடங்கு. அந்த நீரைக் குடித்தவர்களுக்குக் கருக்கலைவும் சிசு மரணமும் அடிக்கடி நேர்ந்திருக்கும். அந்தத் துயரத்திலிருந்தே இந்த வழக்கம் பிறந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. இது கருதுகோள்தான், முடிந்த முடிவு அல்ல. ஆனாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றவர்களுக்கு அது வேறெந்த விளக்கத்தையும்விட நெருக்கமாகப் படும். குழந்தையைப் பறிகொடுத்த யாரோ ஒருத்தி இதற்குக் களிமண் பிசைந்திருக்கிறாள் என்ற எண்ணம் எனக்குள் வந்த பிறகு, அடுத்த அறைக்குப் போக நெடுநேரம் மனம் வரவில்லை.

ஏழாயிரம் ஆண்டு இவர்களைக் காப்பாற்றியது மருந்தோ மந்திரமோ அல்ல, மழையில்லாமைதான். அதனால்தான் சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு செய்தி கவலை தருகிறது. சேமிப்பறைகளில் இருந்த சில உடல்களின் தோல் கருத்து, பிசுபிசுத்துக் கசியத் தொடங்கியது. தராபாகா பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்து 2015-இல் காரணத்தைச் சொன்னார்கள்: காற்றில் ஈரப்பதம் கூடிவருவதால், மனிதத் தோலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்களே பெருகி அந்தத் தோலைத் தின்கின்றன. அறைக்குள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி இருப்பவற்றைக் காக்கலாம். இந்த மலைச்சரிவுகளில் இன்னும் தோண்டப்படாமல் மண்ணுக்குள் கிடப்பவர்களை எப்படிக் காப்பது?

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஆலிவ் தோப்பு. ஸ்பானியர்கள் கொண்டுவந்து நட்ட பயிர். இப்போது அசாபா என்றாலே ஆலிவ்தான். ஊதா நிறத்தில், பெரிய நாவல்பழம்போல இருக்கும். அக்ரோ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மொத்தச் சந்தையில், நீல நிறப் பீப்பாய்களில் உப்புநீரில் மிதக்கும் ஆலிவ்களைத் துளைக்கரண்டியால் அள்ளிக் கொடுக்கிறார்கள். கடைக்காரப் பெண் ஒன்றை என் கையில் வைத்துத் தின்னச் சொன்னார். கடித்ததும் முதலில் உப்பு, பிறகு ஒரு மெல்லிய கசப்பு, கடைசியில் நெய் போன்ற வழவழப்பு. நம் வீட்டு உப்பு மாங்காயை வாயில் போட்டதுபோல உடனே சோறு கேட்டது நாக்கு. அரை கிலோ வாங்கினேன். ஊரை விட்டுக் கிளம்பும் வரை காலையிலும் மாலையிலும் ரொட்டியோடு அதுவே என் சாப்பாடு.

இந்தத் தோப்புகளில் முதலில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பொலிவியாவின் பொட்டோசி மலையில் வெட்டிய வெள்ளி, அரிக்காத் துறை வழியாகத்தான் கப்பலேறியது. அந்தச் செல்வத்தின் பின்னால் இவர்களும் வந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இப்பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். சிலியில் கருப்பின மக்களே இல்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2019-இல்தான் ஒரு சட்டம் அவர்களைத் தனி மக்களாக ஏற்றுக்கொண்டது. அசாபாவுக்கு நீர் வந்த கதையும் எளியதல்ல. உள்ளூர் ஆற்றில் பெரும்பாலான மாதங்களில் மணல்தான் ஓடுகிறது. ஆகவே மலை மேலிருக்கும் லாவ்க்கா ஆற்று நீரைக் கால்வாய் வெட்டி இங்கே இறக்கினார்கள். அந்த ஆறு பொலிவியாவுக்குள் பாய வேண்டியது. இதனாலேயே 1962-இல் பொலிவியா சிலியுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. மழை மலைக்கு மேலே பெய்வது, இங்கே இறங்கி வருவதில்லை என்று விடுதி அம்மையார் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது.

மூன்றாம் நாளைக் கடலுக்குக் கொடுத்தேன். மோரோவுக்குத் தெற்கே எல் லாவ்சோ என்றொரு சிறிய கடற்கரை, குளம்போல அலையடங்கி இருக்கும். பிள்ளைகளோடு குடும்பங்கள் குடை நட்டு உட்கார்ந்திருந்தன. வெயிலின் தைரியத்தில் நீரில் இறங்கி ஒரே ஒரு முறை மூழ்கினேன். காதுக்குள் ஊசி குத்தியதுபோல் குளிர் ஏறியது. சின்ச்சோரோ ஆண்கள் பலரின் மண்டை ஓடுகளில் காதுத் துளையைச் சுற்றி எலும்பு தடித்து வளர்ந்திருப்பதை முந்திய நாள்தான் படித்திருந்தேன். குளிர்ந்த நீரில் வாழ்நாள் முழுவதும் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களுக்கு வருவது அது. ஒரு முழுக்குக்கே எனக்கு இப்படி என்றால் என்று நினைத்துக்கொண்டு கரையேறினேன். அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் அன்சோட்டா குகைகள் வருகின்றன. பாறை இடுக்குகளில் பறவை எச்சம் வெள்ளையாகப் படிந்திருக்க, பெலிக்கன்கள் தலைக்கு மிக அருகில் பறக்கின்றன.

மாலையில் வடக்கே நடந்து, வாட்டெரீ என்ற அமெரிக்கக் கப்பலின் கொதிகலன்களைப் பார்க்கப் போனேன். 1868 ஆகஸ்ட் 13 அன்று பெரும் நிலநடுக்கம் வந்து, அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்தது. துறையில் நின்ற கப்பல்கள் சிதைந்தன. தட்டையான அடிப்பகுதி கொண்ட வாட்டெரீயை மட்டும் அலை தூக்கிக் கொண்டுபோய், நிலத்துக்குள் நெடுந்தூரம் தள்ளி, நிமிர்ந்த நிலையிலேயே இறக்கி வைத்தது. அந்தப் பேரழிவில் இடிந்த கோயிலுக்குப் பதிலாக வந்ததுதான் ஊர் நடுவே இருக்கும் இரும்புத் தேவாலயம். குஸ்தாவ் ஈஃபெலின் பட்டறையில் உருவாகி, 1876-இல் இங்கே பொருத்தி முடிக்கப்பட்டது. கொதிகலன்களோ மணலில் பாதி புதைந்து, துருவேறிச் செம்மண் நிறத்தில் கிடக்கின்றன. தொட்டால் துரு செதிலாக விரலில் ஒட்டியது. மழை பெய்யும் ஊராக இருந்தால் இதற்குள் கரைந்தே போயிருக்கும்.

நான்காம் நாள் காலை, தெற்கே இக்கீக்கே நகரத்துக்குப் போகும் பேருந்தில் ஏறினேன். மிச்சமிருந்த ஆலிவ்களை விடுதி அம்மையார் தாளில் சுருட்டிக் கையில் கொடுத்து, தெற்கே இதுபோலக் கிடைக்காது என்றார். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் புல் பூண்டு இல்லாத மேட்டுநிலம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சாலை திடீரென்று ஆழத்துக்கு இறங்கத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு பிரேக் போட்டுக்கொண்டு பேருந்து மெதுவாகப் போயிற்று. கீழே, மஞ்சள் மலைகளுக்கு நடுவே, ஒரு தெரு அகலத்துக்குப் பசுமை. பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். கமரோனெஸ் என்றார். பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலோடு முகத்தை ஒட்டிப் பார்த்தேன். கணுக்கால் நனையும் அளவுக்குத் தெளிந்த நீர், கூழாங்கல் தெரிய, நாணலுக்கு நடுவே கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.